ஆருக்க கைக்கு அந்தக் கேமரா?

பாறசாலை
31.1.2023, செவ்வாய்

கர்த்தருக்குள்ள கோவமா இருக்கிய ராஜபாய்க்கு,

பின்ன நான் மட்டுமா சிரிச்சேன்? ஸ்டுடியோவில நின்ன அத்தன பேரும் சிரிச்சானுவ. அந்தக் கடைக்காரன் சஜன் மேசைக்க அடியில குனிஞ்சு நின்னு சிரிச்சான். அவனுக்க மேல உனக்குக் கோவம் இல்ல, கட்டின புருஷனுக்க மேலதான் ஆக்கும்! கடையில கெடந்த கேமராவ எடுத்து எனக்க மூஞ்சிக்கு நேரா நீட்டினது நீ. நான் கண்ண மூடி, கைய நெஞ்சில கட்டி, "சவப்பெட்டிய இன்னும் கொஞ்சம் சாய்ச்சு வையுங்கடே, தல தெரியட்டு"ன்னு சொன்னேன். ஒரு தமாசு. அதுக்குப் போயி என்ன நெய்யாற்றின்கரை ஸ்டாண்டில நிறுத்திட்டு, மகளுக்க வீட்டுக்குன்னு காட்டாக்கடை பஸ் ஏறினா என்ன நியாயம்?

போன் அடிச்சா எடுக்க மாட்டேங்க. அதான் இந்தக் கடுதாசி. பொன்னப்பன் செவ்வாயும் வெள்ளியும் அங்க முட்டை வண்டி கொண்டு வருவானே, அவன் கையில குடுத்து விடுகேன். எழுத்து கோழி கெளறினது போலத்தான் இருக்கும். ஆளக் காட்டுத வெரலு மடங்காம பேனா பிடிக்கியவன் நான். எந்த மாடு இழுத்து ஒடிச்ச வெரலுன்னு உனக்குத் தெரியும். படிப்பும் அஞ்சாங்கிளாஸோட நின்னு போச்சு.

நேராவே கேக்கியேன். அறுபத்திநாலு வயசில ஒரு பொம்பளைக்கு எதுக்கு கேமரா? போனில இல்லாத கேமராவா? நான் காரக்கோணம் ஆசுபத்திரியில நெஞ்சுக்கு ஸ்டென்ட் வச்சுட்டு வந்த பொறவுதான் உனக்கு இந்த ஆசை வந்துது. அங்க டாக்டர் உன்னத் தனியா கூப்பிட்டு என்னமோ சொன்னாரு. நான் கட்டில்ல கெடந்து பாத்தேன். வாழ்நாள் முச்சூடும் மாட்டுத் தரகு செய்தவனாக்கும் நான். விக்க வந்தவன் பசுவ ரொம்பத் தடவிக் குடுத்தா எங்கயோ எளவு இருக்குன்னு அர்த்தம். எனக்க பெட்டிப் படம் நல்லா விழணும்னு இப்பமே ஒத்திகை பாக்கியோ?

பசு சுகம். மீன்கறி வச்சேன். பூனை மோந்து பாத்துட்டுப் போச்சு.

இன்னும் சாவாத உனக்க புருஷன்,
ராஜையா


காட்டாக்கடை
3.2.2023, வெள்ளி

பிஜியின் அப்பாவுக்கு,

ஸ்தோத்திரம். நான் சுகம். நீங்கள் மாத்திரையை நேரம் தவறாமல் சாப்பிடுவதாகப் பொன்னப்பன் சொன்னான். அப்படிச் சொல்லச் சொன்னது நீங்கள்தான் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட்டான்.

டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னது இவ்வளவுதான்: "தலையணை உறைக்குள் பீடி வைத்திருக்கிறார் அம்மா, எடுத்துவிடுங்கள்." வேறொன்றும் இல்லை.

பெட்டிப் படம் என்று சொல்லிச் சிரிக்கிறீர்கள். என் விலாசினி அக்காவை அடக்கம் பண்ணின அன்று, நம் வழக்கப்படி சவப்பெட்டியைச் சுற்றி எல்லோரும் நின்று படம் எடுத்தோமே. பிறகு சுவரில் மாட்டுவதற்குத் தேடினால், அக்கா உயிரோடு இருக்கிற படம் ஒன்றுகூட இல்லை. எந்தக் கல்யாணத்திலும் அவள் அடுக்களையை விட்டு வெளியே வந்தால்தானே! கடைசியில் பெட்டிப் படத்திலிருந்து முகத்தை வெட்டியெடுத்து, கம்ப்யூட்டரில் கண்ணைத் திறந்து வைத்துக் கொடுத்தார்கள். யாருடைய கண்ணோ. அந்த வீட்டுக்குப் போனால் இப்போதும் நான் சுவரைப் பார்ப்பதில்லை.

போனில் எடுக்கலாம்தான். வீட்டுக்குள் வெளிச்சம் குறைந்தால் முகமெல்லாம் மாவு பூசியதுபோல வருகிறது. பெரிதாக்கினால் புள்ளி புள்ளியாக உடைகிறது. இப்போது வருகிற மிரர்லெஸ் கேமராக்கள் நல்லவையாம், விலை நமக்கு எட்டாது. புதிதாகப் பழகுகிறவர்களுக்கு என்றே செய்த டி.எஸ்.எல்.ஆர். ஒன்று, யாராவது கொஞ்ச காலம் உபயோகித்ததாகக் கிடைத்தால் போதும். இங்கே கடையில் ஒன்று பார்த்தேன். கனம் குறைவு, ஆனால் பிடி சின்னது. சஜனிடம் உள்ளதற்குப் பிடி நன்றாக இருக்கிறது, கை கொஞ்சம் ஆடினாலும் படம் ஆடாமல் காக்கிற லென்ஸும் உண்டு. இன்னும் தீர்மானிக்கவில்லை.

யாருக்கு, எதற்கு என்று சந்தையில் நின்று கேட்பதுபோலக் கேட்காதீர்கள். வாங்கின பிறகு தெரியும்.

மீன்கறிக்குப் புளி ஊற்றினீர்களா?

ராஜபாய்


பாறசாலை
7.2.2023, செவ்வாய்

தூரத்தில இருந்து புளி கேட்ட ராஜபாய்க்கு,

புளி மறந்து போச்சு. சங்கதி அதுவல்ல.

வெள்ளிக்கிழமை பொன்னப்பன் முட்டை எறக்கிட்டு வரும்ப உன்ன ஒரு கேமராக் கடையில கண்டானாம். காது அவனுக்குக் கூர்மை. நீ கடைக்காரன்கிட்ட, "இது நல்ல வலிய ஆம்பிளைக் கைக்குப் பத்துமா?"ன்னு கேட்டியாம். கேட்டியா இல்லியா?

எடீ, ஆருக்க கை?

மருமவன் கல்ஃபில கெடக்கியான், அவனுக்கு இருக்காது. அப்போ பாக்கி ஆரு? பிஜிக்க பக்கத்து வீட்டில ஒரு நிக்கோலஸ் உண்டே, பட்டாளத்தில இருந்து வந்தவரு, மீசைய நாயிக்க வாலு போல முறுக்கி விட்டிருப்பாரு. போன கிறிஸ்மசுக்கு உனக்கு முழு பிளம் கேக் கொண்டு தந்தாரு. எனக்கு அதில ஒரு துண்டு கெடச்சுது, அதுவும் ஓரம். அன்னைக்கே நான் மனசில குறிச்சேன். அவருக்க கை எவ்வளவு வலுசுன்னு நீ எப்ப அளந்து பாத்த?

இன்னொண்ணும் கேளு. பழைய கேமரா வாங்குகது பழைய பசு வாங்குகது போலத்தான். விக்கியவன் கொம்பச் சீவி எண்ண தேச்சு நிறுத்துவான். எத்தன ஈத்து கழிஞ்சுதுன்னு பல்லப் பாத்தாத்தான் தெரியும். சஜனுக்குப் போன் பண்ணி, "உனக்க பசு எத்தன ஈத்துடே?"ன்னு கேட்டேன். "எத்தன படம் அடிச்சிருக்குன்னு கணக்கு அதுக்குள்ளயே உண்டு மாமா, ஷட்டர் கவுண்டுன்னு சொல்லுவோம்"னான். பசு அதுக்க வயச அதே சொல்லுமாடே? எனக்கு நம்பிக்கை இல்ல. நேரில போயி வாயத் தொறந்து பாக்கத்தான் போறேன்.

சந்தேகத்தோட,
ராஜையா

பி.கு. நிக்கோலஸ் மீசைக்கு மை பூசுகாரு. வெயிலில நிறுத்திப் பாரு.


காட்டாக்கடை
10.2.2023, வெள்ளி

பிஜியின் அப்பாவுக்கு,

நிக்கோலஸ் சாருக்கு டீ கிளாஸைக்கூட அவர் மனைவி ஜேனட்தான் பிடித்துக் கொடுக்கிறாள். கை அப்படி நடுங்குகிறது. உங்கள் கடிதத்தை எனக்கு முன்னால் பிஜி பிரித்து வாசித்துவிட்டாள். பெற்ற மகளுக்கு முன்னால் என்னால் தலை நிமிர முடியவில்லை.

கல்யாணம் ஆன நாளிலிருந்து நீங்கள் என்னைக் கேலி பண்ணுகிறீர்கள், நானும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். கோவிலில் பாட்டுப் புத்தகத்தால் முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்திருக்கிறேன். இதற்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கேமரா வேண்டாம் என்று சஜனுக்குச் சொல்லிவிட்டேன். மாடியில் ஒரு அறை சும்மா கிடக்கிறது, இங்கேயே இருந்துவிடு என்கிறாள் பிஜி. இருந்துவிடலாம் என்றுதான் நானும் நினைக்கிறேன்.

இனி எழுத வேண்டாம். உங்கள் மாத்திரையைக் காலி முட்டைத் தட்டுக்கு அடியில் வைத்து அனுப்புகிறேன். காலையில் வெள்ளை, ராத்திரி மஞ்சள்.

ராஜபாய்


காட்டாக்கடை, பிஜிக்க வீட்டு முற்றம்
21.2.2023, செவ்வாய்

ஜன்னல் வழியா பாத்துட்டு பாக்காதது போல நிக்கிய ராஜபாய்க்கு,

எழுதாதன்னுதான் சொன்ன, வராதன்னு சொல்லல்ல. வந்தா கதவத் தொறக்க மாட்டேங்க. அதனால இந்தப் பிளாஸ்டிக் கசேரயில இருந்து எழுதுகேன். எழுதின தாள ஒண்ணொண்ணா ஜன்னல் கம்பிக்குள்ள விடுகேன், வாசி. படியில இருக்கிய கறுப்புப் பை என்னதுன்னு பொறவு சொல்லுகேன். பொன்னப்பன் வண்டியோட கேட்டில நிக்கியான்.

சஜனுக்க கடைக்குப் போனேன். "மாமி வேண்டாம்னு சொல்லிட்டாவ"ன்னான். "அவ வேண்டாம்னு சொன்ன பசுவ நான் பாக்கக் கூடாதாடே, காட்டு"ன்னேன். லென்ச கழத்தித் தந்தான். வாயப் பாத்தேன், உள்ள ஒரு சின்னக் கண்ணாடி சரிஞ்சு நிக்கிது. பொடி இருக்கான்னு ஊதினேன். "ஐயோ மாமா, எச்சி தெறிக்கும், ஊதாதேயும்!"னு பதறினான். லென்ச வெயிலுக்கு நேரா பிடிச்சுப் பூசணம் உண்டான்னும் பாத்தேன். ஒண்ணும் இல்ல. அப்பமும் நம்பல்ல. நல்ல பசுவ எவனாவது விப்பானா?

பொறவு வெல. நான் தோளில கெடந்த தோர்த்துத் துண்ட எடுத்து அவனுக்க கைமேல போட்டு அடியில வெரலப் பிடிச்சேன். சந்தையில அப்படித்தானே, வாயால வெல சொன்னா பக்கத்தில நிக்கியவன் கலச்சு விட்டுருவான். பயலுக்கு இது தெரியல்ல.

"மாமா, இதென்னது, விடும், கடையில ஆளு வருது!"

"மிண்டாம நில்லுடே. வெரலப் பிடிச்சு வெலயச் சொல்லு."

பயலு கைய இழுத்தான், நான் விடல்ல. பின்ன என்னமோ ஓர்மை வந்தவன் போல இழுக்கியத நிறுத்திட்டு, தோர்த்துக்க அடியில எனக்க ஆளக் காட்டுத வெரலத் தடவிப் பாத்தான்.

"இது மடங்காதா மாமா?"

"மடங்காது. அதுக்கென்ன, வெல கொறப்பியா?"

"அப்போ மாமி இத்தன நாளும் கேட்டது உமக்காக்குமா!"

அந்த வெரலு மடங்காத ஆளு நடுவெரலால அமுக்கினா படம் விழுமான்னு நீ கேட்டியாம். வலிய கைக்குள்ள பிடி நிக்குமா, எழுத்துக் கூட்டி வாசிக்கியவனுக்கு இது கைக்கு வழங்குமான்னு கேட்டியாம். மேல ஒரு திருப்பான் உண்டு, பச்சை அடையாளத்தில வச்சா பாக்கி எல்லாம் கேமரா பாத்துக்கிடும்னு அவன் காட்டித் தந்ததும்தான் உனக்கு சமாதானம் ஆச்சாம். ஆருக்கு மாமின்னு கேட்டானாம்.

"என்னைய எடுக்கப் போவிய ஆளுக்குன்னு சொன்னாவ மாமா. எனக்குக் கண்ணு தொறந்திருக்கும்பமே ஒரு படம் வேணும், வேற எவன் கேமரா பிடிச்சாலும் எனக்குச் சிரிப்பு வராதுன்னாவ."

நான் தோர்த்த எடுத்துத் தோளில போட்டேன். அவன் கேட்ட வெலயக் குடுத்தேன். சந்தைக்காரன் எவனாவது கண்டிருந்தா எனக்கு மண்ட கலங்கிப் போச்சுன்னு ஊரெல்லாம் சொல்லியிருப்பான். கழுத்தில போடுத வாரு ஓசியாத் தந்தான். அதிலதான் எனக்கு இப்பமும் ஒரு சின்ன சந்தேகம்.

வாற வழியில பொன்னப்பன படம் எடுத்துப் பாத்தேன். நடுவெரலுக்கு வழங்குது. தல விழல்ல, முட்டை நல்லா விழுந்திருக்கு. பழகிரும்.

இனி உள்ள தாளில முக்கியமான சங்கதி உண்டு. நிக்கோலசுக்க மீசையப் பத்தி எழுதினேன் பாரு, அது நான்

ஓ, கதவு தொறந்தாச்சு. கோவிலுக்கு உடுக்கிய நீலச் சேலை, தலையும் சீவியாச்சு. எடீ, நில்லு, நான் முடிக்கல்ல. பையப் படியில இருந்து எடுத்து எனக்க மடியில வச்சிட்டு நீ எங்க போற? அந்த வண்டியில டிரைவர் போக ஒரு ஆளுதான் இருக்கலாம், அந்த ஒரு ஆளு நானாக்கும். நான் என்ன முட்டைக்க மேலயா இருக்கியது? உனக்க துணிமணிப் பையையும் தூக்கி உள்ள வச்சாச்சா? அப்போ வீட்டுக்குத்தானா? திரும்பிப் பாக்கல்லன்னா நீ சிரிக்கியது எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியோ, பின்னால நின்னா தோளு குலுங்கியது நல்லாத் தெரியுது. எலே பொன்னப்பா, வண்டி எடுக்காத மக்கா, நான் இன்னும் கையெழுத்து