மூன்று டிஸ்க்கும் ஒரு காலும்

2 ஜூன் 2025, திங்கள்

என் டிரைவிங் ஸ்கூல் காரின் முன் பிரேக் டிஸ்க் இரண்டும் தேய்ந்துவிட்டன என்று மெக்கானிக் டெனிஸ் சொல்லிவிட்டார். பதினோரு வருஷமாக ராஜகீழ்ப்பாக்கத்தில் அவர் ஒர்க்‌ஷாப்பில்தான் வண்டி விடுகிறேன். விளிம்பை என் விரலால் தொட்டுப் பார்க்கச் சொன்னார். ஓரத்தில் சின்ன வரப்பு நிற்கிறது, நடுவில் பள்ளம்.

"மத்தவங்க அஞ்சு வருஷத்துல போடுற பிரேக்கை உங்க ஸ்டூடன்ட்ஸ் ஒரே வருஷத்துல போட்டுடுறாங்கக்கா" என்றார். போடட்டும். போடாமல் போகிறவர்களைவிட அது மேல்.

என்ன டிஸ்க் மாற்றுவது என்று யோசிக்கணும். ராத்திரி சுகர் மாத்திரை மறந்துவிட்டேன், இப்போதுதான் போட்டேன்.

5 ஜூன், வியாழன்

டெனிஸ் பெஞ்சின் மேல் வரிசையாக வைத்துக் காட்டினார். ஒன்று வெறும் தட்டு, வண்டியோடு கம்பெனியில் வருவது. இன்னொன்றில் வட்டமாக ஓட்டைகள், பார்க்க இட்லித் தட்டு மாதிரி பளபளவென்று இருக்கிறது. மூன்றாவதில் சாய்வாகக் கோடு கிழித்திருந்தது. யாரோ ஒரு கஸ்டமர் வாங்கிவிட்டு, சத்தம் வருகிறதென்று கழற்றிக் கொடுத்ததாம். இரண்டு தட்டுக்கு நடுவே காற்று போகச் சந்து விட்டது ஒன்று இருக்கிறதே என்றேன். அது தடிமன் அதிகம், நம் வண்டியில் டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கிற காலிப்பருக்குள் நுழையாது, காலிப்பரையே மாற்றணும் என்றார். பந்தயக் காருக்குப் பீங்கான் கலந்து செய்கிறார்களாமே என்று கேட்டதற்குச் சிரித்தார். "அது சூடேறினாத்தான் பிடிக்கும். நீங்க இருபதுல போறீங்க."

ஓட்டை போட்டதுதான் வேண்டும் என்றேன். சூடு வெளியேறும், மழையில் தண்ணீர் நிற்காது, நான்கு வீடியோ பார்த்துவிட்டுத்தான் போயிருந்தேன். "நம்ம வண்டிக்கு அது அழகுக்குத்தான்கா. சேறு அடைச்சுக்கும். வெறும் தட்டே போதும்" என்றார். நான் கேட்கவில்லை. பத்தொன்பது வருஷமாகப் பிரேக்கின் மேல் கால் வைத்துச் சம்பாதிக்கிறவளுக்குத் தெரியாதா?

8 ஜூன், ஞாயிறு

சர்ச் விட்டு ஆட்டோவில் வந்தோம். வாசலில் இறங்கியதும் ஜெபகுமார் என் காலையே பார்த்தார். வலது காலில் செருப்பு இல்லை. ஆட்டோவில் ஏறும்போதே கழன்றிருக்கிறது. வீடு வரை எனக்குத் தெரியவே இல்லை.

"பிரசங்கம் அவ்வளவு ஆழமா இறங்கிடுச்சா?" என்றார். கட்டிய மனைவியைக் கிண்டல் செய்யச் சந்தர்ப்பம் கிடைத்தால் விடவே மாட்டார். மெப்ஸில் ஒரு கம்பெனியின் ஸ்டோர்ஸைப் பார்த்துக்கொள்கிற மனுஷனுக்கு எது எங்கே தொலைந்தாலும் கண்ணில் பட்டுவிடும்.

9 ஜூன், திங்கள்

டிஸ்க் மாற்றியாச்சு. முதல் நூறு கிலோமீட்டர் நானே தனியாக, மெதுவாகப் பிரேக் போட்டு ஓட்டணுமாம். தட்டும் அதை அழுத்துகிற பேடும் ஒன்றோடொன்று படியணுமாம். ஐந்து பேருக்கு நாளைக்கு கிளாஸ் இருக்கிறதே, என்ன செய்வது? அவர்களே படிய வைப்பார்கள்.

10 ஜூன், செவ்வாய்

புது ஸ்டூடன்ட், பச்சையம்மா அக்கா. ஐம்பத்தெட்டு வயது. மாடம்பாக்கத்துக்காரர். நிலம் போய் இப்போது எட்டு வீடு வாடகைக்கு விட்டிருக்கிறார். கணவர் வாங்கிய கார் அவர் போன பிறகு ஒரு வருஷமாக ஷெட்டிலேயே நிற்கிறதாம். "அவரு ஓட்டுனாரு, நான் பக்கத்துல குந்திகினு வந்தேன். இப்ப யாரு பக்கத்துல குந்துறது?" என்றார். என்னை டீச்சரு என்கிறார்.

கிளட்ச், பிரேக் இரண்டும் என் பக்கத்திலும் இருக்கிறது, நான் பார்த்துக்கொள்வேன் என்று எல்லோருக்கும் சொல்வதையே சொன்னேன். குனிந்து என் காலைப் பார்த்தார். "இந்தக் காலை நம்பித்தான் வர்றேன்."

17 ஜூன், செவ்வாய்

ஒன்றுமில்லை. மழை.

27 ஜூன், வெள்ளி

பச்சையம்மா அக்கா இரண்டு நாளாக ஒரே புகார். "டீச்சரு, பிரேக்குல கால வச்சா கூசுது. உள்ள எதுவோ துள்ளிகினே கீது." என் பக்கத்துப் பிரேக்கில் கால் வைத்துப் பார்த்தேன். ஒன்றுமில்லை. புதுசா கத்துக்கிறவங்களுக்குக் கால் நடுங்கும்கா, போகப் போகச் சரியாயிடும் என்றேன். இதை எத்தனை நூறு பேருக்குச் சொல்லியிருப்பேன்!

"எங்காலு இன்னாத்துக்கு நடுங்குது? நாத்து நட்ட காலு" என்று முனகினார்.

4 ஜூலை, வெள்ளி

ஹெட்லைட் பல்பு மாற்ற வண்டியை விட்டேன். டெனிஸ் வெளியே எடுத்து ஒரு சுற்றுப் போய்விட்டு வந்து இறங்கினார். இறங்கியதுமே, "இவ்ளோ துடிக்குதே, எத்தனை நாளாக்கா?" என்றார்.

எது துடிக்குது?

சக்கரத்தைக் கழற்றி, டிஸ்க்கின் மேல் முள் கடிகாரம் மாதிரி ஒரு கேஜைப் பொருத்தி மெல்லச் சுற்றினார். முள் ஒரே இடத்தில் நிற்காமல் போய்ப் போய் வந்தது. சூடான தட்டின் மேல் ஸ்டூடன்ட்ஸ் பிரேக்கை அழுத்திக்கொண்டே நின்றதில் பேடின் கரி அங்கங்கே ஒட்டி மேடாகிவிட்டதாம். ஓட்டைகளில் பாதி சேறு. திட்டுவார் என்று நினைத்தேன், திட்டவில்லை.

"உங்க காலுக்குத் தெரியலையா?" என்று மட்டும் கேட்டார்.

ஸ்டீரிங்கில் ஒன்றும் தெரியவில்லையே என்றேன். இந்த அளவுக்குக் காலுக்குத்தான் முதலில் தெரியுமாம். அந்தக் கேள்வி எனக்குப் பிடிக்கவில்லை. வீட்டுக்கு வந்து ஜெபகுமாரிடம் காரணமில்லாமல் எரிந்து விழுந்தேன்.

5 ஜூலை, சனி

இதைத் தீர்த்துவிடணும். நாளை மத்தியானம் டெனிஸிடம் மூன்று டிஸ்க்கையும் மாற்றி மாற்றிப் போடச் சொல்லியிருக்கிறேன். ஓட்டை, கோடு, வெறும் தட்டு. எது எந்த முறை என்று என்னிடம் சொல்லக்கூடாது. ஒவ்வொன்றுக்கும் அதே தெரு, அதே வேகம், பத்துப் பிரேக். நானே ஓட்டிப் பார்த்து எழுதப்போகிறேன். மூன்றுக்கும் பெரிய வித்தியாசமே கிடையாது, எல்லாம் மெக்கானிக்குகளின் பேச்சு என்று காட்டுகிறேன்.

6 ஜூலை, ஞாயிறு

சீட்டில் எழுதியதை அப்படியே இங்கே எடுத்து எழுதுகிறேன்.

முதல் டிஸ்க்: நன்றாக இருக்கிறது. சத்தம் இல்லை.
இரண்டாவது: நன்றாக இருக்கிறது. லேசாக ஒரு ரீங்காரம், காதுக்கு.
மூன்றாவது: நன்றாக இருக்கிறது. முதல் டிஸ்க் போலவே.

பார்த்தீர்களா என்று டெனிஸிடம் சீட்டை நீட்டினேன். அவர் வாங்கிப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். ஒர்க்‌ஷாப் வாசலில் பச்சையம்மா அக்கா நின்றிருந்தார். ஞாயிற்றுக்கிழமை வண்டி சும்மா இருக்குமென்று கூடுதல் கிளாஸ் கேட்க வந்தவர். "நானும் ஓட்டிப் பாக்கறேன்" என்றார். டெனிஸ் வரிசையை மாற்றிவிட்டு மறுபடி மூன்று முறை கழற்றி மாட்டினார். சாயங்காலம் ஆகிவிட்டது. காலித் தெரு, டெனிஸ் பக்கத்து சீட்டில். நான் வெளியே நின்றேன்.

அக்கா இறங்கி வந்து விரல் விட்டு எண்ணிச் சொன்னார். "மொதல்ல ஒண்ணுமே இல்ல, மெத்துனு கீது. ரெண்டாவது போட்டது கொரகொரங்குது. மூணாவது அந்தத் துள்ளறதுதான், நான் அப்பவே சொல்லல?"

டெனிஸ் மாட்டிய வரிசை: வெறும் தட்டு, கோடு, ஓட்டை. மூன்றும் சரி. இருபத்தாறு நாள் பழகிய கால்.

டெனிஸ் குனிந்து ஏற்கெனவே முறுக்கிய நட்டையே திரும்ப முறுக்கிக்கொண்டிருந்தார். வெறும் தட்டே போட்டுடுங்க என்றேன். வேறென்ன சொல்வது. வரும் வழியெல்லாம் ஆட்டோவில் கழன்ற அந்தச் செருப்பு ஞாபகம்தான்.

7 ஜூலை, திங்கள்

எழுதவே கை வரவில்லை. ஆனாலும் எழுதிவிடணும்.

ராஜகீழ்ப்பாக்கம் சிக்னல். பச்சையம்மா அக்காதான் ஓட்டினார். முன்னால் ஷேர் ஆட்டோ சட்டென்று நின்றது. நான் பிரேக்கை மிதித்தேன் — மிதித்தேன் என்றுதான் நினைத்தேன். வண்டி நிற்கவில்லை. இன்னும் பலமாக மிதித்தேன். அப்புறம் நின்றது. ஆட்டோவுக்கு ஒரு சாண் இடைவெளி.

குனிந்து பார்த்தால் என் கால் பிரேக்கில் இல்லை, பக்கத்தில் வெறும் தரையில் கிடக்குது. நான் தரையைத்தான் அந்த மிதி மிதிச்சிருக்கேன். நிறுத்தினது அந்த அம்மா. பத்தொன்பது வருஷம் நான் பாத்துக்கறேன், நான் பாத்துக்கறேன்னு சொன்னேனே. எந்தக் காலை வச்சு?

அவருக்குத் தெரியாது. "நல்லா புடிச்சிட்ட டீச்சரு" என்று என்னைப் பாராட்டினார். நானும் வாங்கிக்கொண்டேன். வெட்கமாக இருக்கிறது.

9 ஜூலை, புதன்

ஜெபகுமார் லீவு போட்டுவிட்டுக் கூட வந்தார். டாக்டர் கண்ணை மூடச் சொல்லி, மீன் தூண்டில் நரம்பு போல ஒன்றால் பாதத்தில் அங்கங்கே குத்தினார். பட்டால் ஆமா சொல்லணும். ஒவ்வொரு காலிலும் பத்து இடம். ஒவ்வொரு தடவையும் ஆமா சொல்ல வாய் வரை வந்தது, ஏமாற்றிவிடலாம் என்று. ஆனால் எப்போது சொல்வதென்றே தெரியவில்லை. வலது காலில் மூன்று இடம்தான் தெரிந்தது. இடது காலில் ஐந்து.

சர்க்கரை ஒன்பது வருஷமாகக் கால் நரம்பில் வேலை பார்த்திருக்கிறது என்றார். இனிமேல் கட்டுக்குள் வைத்தால் மேலே போகாமல் தடுக்கலாம், போனது திரும்பும் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன் என்றார். கார் ஓட்டக்கூடாது என்பதைக் கூட மெதுவாகத்தான் சொன்னார். பக்கத்து சீட்டில் உட்காரலாமா என்று கேட்டேன். "நீங்களே சொல்லுங்க" என்றார்.

வரும்போது ஜெபகுமார் கிண்டல் எதுவும் செய்யவில்லை. செய்திருந்தால் தேவலை.

10 ஜூலை, வியாழன்

கிளாஸ் எல்லாவற்றையும் நிறுத்தினேன். முழங்கால் வலி என்று எல்லோருக்கும் மெசேஜ்.

14 ஜூலை, திங்கள்

வீட்டுக்குள்ளேயே ஷூ போட்டு நடக்கணுமாம். வாசலில் வண்டி நிற்கிறது. என் பெயர் எழுதின போர்டு கூரையில் அப்படியே இருக்கிறது. இன்று இரண்டு பேர் போன் செய்து எப்போது ஆரம்பிப்பீர்கள் என்று கேட்டார்கள். வீட்டைச் சுற்றி நடந்து நடந்து அழுதேன். ஸ்கூல் இல்லாவிட்டால் நான் யார்?

20 ஜூலை, ஞாயிறு

பச்சையம்மா அக்கா பை நிறைய முருங்கைக்கீரையோடு வந்தார். முழங்காலுக்கு நல்லதாம். பொய்க்கு இவ்வளவு கீரை வந்ததும் தாங்க முடியவில்லை. சிக்னலில் நடந்ததைச் சொல்லிவிட்டேன். திட்டுவார், கட்டின பணத்தைக் கேட்பார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

குனிந்து என் ஷூவைப் பார்த்தார். "அப்ப அன்னிக்கு வண்டிய நிறுத்துனது நானா?"

ஆமாக்கா.

"அட" என்றார். முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை. அப்புறம்தான், "சாவடிக்கப் பாத்தியே டீச்சரு" என்று கையில் ஒரு அடி போட்டார். வலித்தது. கையில் எல்லாம் நன்றாகத்தான் தெரிகிறது.

போகும்போது சொன்னார்: "உனுக்குக் காலுதான போச்சு, வாயி கீதில்ல. பின்னாடி குந்திகினு சொல்லு."

4 ஆகஸ்ட், திங்கள்

ரோஹிணி இன்று சேர்ந்தாள். எட்டு வருஷம் முன்னால் என்னிடம் கற்றுக்கொண்டவள், பிறகு கூடுவாஞ்சேரியில் ஒரு ஸ்கூலில் இன்ஸ்ட்ரக்டராக இருந்தாள். சான்றிதழ் எல்லாம் இருக்கிறது. முன் சீட்டில் அவள், பின் சீட்டில் நான். பின்னாலிருந்து பார்த்தால் நம் ஊர் ரோடு வேறு மாதிரி இருக்கிறது. என் வலது கால் நாள் முழுக்க முன் சீட்டின் முதுகை மிதித்துக்கொண்டே வந்தது. ரோஹிணி பொறுத்துக்கொண்டாள்.

29 ஆகஸ்ட், வெள்ளி

பச்சையம்மா அக்கா லைசென்ஸ் டெஸ்ட் பாஸ். ஷெட்டைத் திறந்து காரைக் கழுவிக்கொண்டிருக்கிறாராம். முதலில் டெனிஸிடம் காட்டிப் பிரேக்கைப் பாருங்கள் என்றேன். "எங்காலு பாத்துக்கும்" என்றார். ஆனாலும் காட்டியிருக்கிறார், டெனிஸ் சொன்னார்.

22 செப்டம்பர், திங்கள்

பெரும்பாக்கத்திலிருந்து வரும் பெண்ணுக்கு மூன்றாவது கிளாஸ். வேளச்சேரி ரோட்டில் பாதி வழியில், "அக்கா, பிரேக் போட்டா ஏதோ நடுங்குற மாதிரி இருக்கு" என்றாள்.

ரோஹிணி சொன்னாள்: "புதுசா கத்துக்கிறவங்களுக்குக் கால் நடுங்கும்மா, போகப் போக..."

என்னிடம் கற்றது. ஒரு வார்த்தை மாறவில்லை.

ஓரம் கட்டச் சொன்னேன். ரோஹிணியை ஓட்டச் சொல்லி நேரே டெனிஸிடம் போனோம். சக்கரத்தைக் கழற்றி கேஜை வைத்தார். முள் அசையவே இல்லை. வெறும் தட்டு, இரண்டரை மாதமாகியும் போட்ட அன்று போலவே இருந்தது. அந்தப் பெண்ணின் கால்தான் நடுங்கியிருக்கிறது, பயத்தில்.

"முக்கால் மணி நேரம் போச்சேக்கா" என்றாள் ரோஹிணி. அந்தப் பெண்ணுக்கு அழுகை வருகிற மாதிரி ஆகிவிட்டது, சாரி சாரி என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அப்புறம், எதையாவது பேசணுமே என்று கேட்டாள் போல: "நீங்க ஏன் அக்கா பின்னாடியே உக்காருறீங்க?"

முழங்கால் வலி என்று சொல்ல வாயெடுத்தேன். டெனிஸ் நட்டை முறுக்குவதை நிறுத்திவிட்டார்.

"என் காலுக்கு ஒண்ணும் தெரியறதில்லைம்மா. அதான் உன் காலைக் கேட்டோம். நாளைக்கும் ஏதாவது தெரிஞ்சா சொல்லு, திரும்பவும் வந்து பார்ப்போம்."

சொல்லியாச்சு. அவள் ஏறி உட்கார்ந்து பெல்ட்டை மாட்டிக்கொண்டு, இன்றைக்கு ரிவர்ஸ் சொல்லித் தருகிறேன் என்றீர்களே என்று கேட்டாள்.