சுரண்டிய பீப்பாய்

டிக்ஸ்மாய்ட,
நவம்பர் 14

வன்னஸ்,

‘அன்புள்ள’ என்றுதான் தொடங்கினேன். இரண்டு முறை எழுதி இரண்டு முறையும் அடித்துவிட்டேன். இப்போதைக்குப் பெயர் மட்டும் போதும். கப்பலில் சாப்பாடு நேரத்துக்குக் கிடைக்கிறது என்று எழுதியிருந்தாய், நல்லது. இங்கே எங்கள் மருந்துக் கடையில் மூச்சுவிடக்கூட நேரமில்லை. சளிக் காய்ச்சல் ஊரையே பிடித்திருக்கிறது.

பீப்பாய் விஷயத்துக்கு வருகிறேன். அக்டோபரில் வழக்கம்போலப் பாதியை வடித்துக்கொண்டு, புதிதாகக் காய்ச்சிய பீரை ஊற்றி நிரப்பலாம் என்று கார் கொட்டகைக்குப் போனேன். பீப்பாய் காலி. மேலே உன் கையெழுத்தில் ஒரு சீட்டு: “உள்ள இருந்ததை எல்லாம் பாட்டில்ல அடைச்சிட்டேன். பீப்பாயைப் புதுசு மாதிரி ஆக்கிட்டேன் கேட்டி, சந்தோஷமா?” மூடிப் பலகையைக் கழற்றி, உள்பக்கம் முழுக்கச் சுரண்டி, தீ காட்டிக் கருக்கி வைத்திருக்கிறாய்.

ஒன்பது வருஷமாக அந்தப் பீப்பாயை நான் ஒரு நாள்கூடக் காலியாக விட்டதில்லை. ஓக் மர வாசனை மூன்றாவது தடவை நிரப்பியபோதே போய்விட்டது, அது எனக்குத் தெரியாதா? பலகைக்குள் குடியிருந்து பீரைப் புளிக்க வைக்கிற அந்தக் கண்ணுக்குத் தெரியாத உயிர்களுக்காகத்தான் அதை வைத்திருந்தேன். இதை உன்னிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பேன். நீயும் தலையாட்டியிருக்கிறாய். ஒரே மத்தியானத்தில் எல்லாவற்றையும் எரித்துவிட்டாய்.

எங்கள் பீர் சங்கத்து ஹில்டா வந்து பார்த்தாள். துளையில் மூக்கை வைத்துவிட்டு, “அடியே, இது பீப்பாயா, பன்னிக்கறிக்குப் புகை போடுற கூண்டா?” என்று சிரித்தாள். என் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டாள். பாட்டில்களின் அடியில் நிற்கும் வண்டலை உள்ளே ஊற்றச் சொன்னாள். அதில் உயிர் இருக்குமாம், மெல்ல மரத்துக்குள் போய்விடுமாம். “முதல் வருஷம் கரிக்கட்டைய நக்கின மாதிரிதான் இருக்கும். பழைய ருசி வர மூணு வருஷமாவது ஆகும்டி. ஆசையாத்தானே செஞ்சாரு, விட்டுத்தள்ளு” என்றாள். நானும் அப்படி நினைத்துத்தான் மூன்று வாரமாக உனக்கு எழுதாமல் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

செவ்வாய்க்கிழமை உன் கம்பெனியிலிருந்து ஓர் உறை வந்தது. உன் புது ஒப்பந்தத்தின் நகல். இன்னும் மூன்று வருஷம் கடலடியில் மணல் தோண்டும் கப்பலிலேயே. நீ கையெழுத்துப் போட்ட தேதி செப்டம்பர் ஒன்பது. அன்று மாலை நாம் சிப்பியும் உருளைக்கிழங்குப் பொரியலும் சாப்பிட்டோம், ஞாபகம் இருக்கிறதா? என் தட்டிலிருந்து எடுத்துத் தின்றுகொண்டே, “இந்தத் தடவையோட சரி. அப்புறம் கடல் பக்கமே தலைவச்சுப் படுக்க மாட்டேன்” என்றாய். நான் நம்பினேன். ஹில்டாவிடம்கூடப் பெருமையாகச் சொன்னேன்.

அதற்கு மூன்று வாரம் கழித்துப் பீப்பாயைச் சுரண்டினாய். மறுநாள் கப்பலேறிவிட்டாய். என்னிடம் சொல்ல வாய் வராமல்தான் கைக்கு வேலை கொடுத்திருக்கிறாய். எனக்குப் பரிசு கொடுத்துவிட்டுப் போனதாக உன் மனசுக்கு ஒரு சமாதானம். வெட்கமாக இல்லையா உனக்கு?

பீப்பாயைக் கேட்காமல் தொட்டாய். மூன்று வருஷத்தையும் கேட்காமல்தான் கம்பெனிக்குக் கொடுத்தாய். அவற்றில் பாதி என்னுடையது, வன்னஸ். கேட்டிருந்தால் ஒருவேளை போய் வா என்றே சொல்லியிருப்பேன். பன்னிரண்டு வருஷமாக அதைத்தானே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

நேற்று வண்டலை ஊற்றி, புது பீரால் நிரப்பி, அடைப்பானைத் தட்டி இறுக்கிவிட்டேன். மூன்று வருஷம் ஆனாலும் அதற்காகப் பொறுத்திருப்பேன். உனக்காகவும் பொறுத்திருப்பேன் என்று இதுவரை ஒவ்வொரு கடிதத்திலும் எழுதியிருக்கிறேன். இந்தக் கடிதத்தில் அதை எழுதவில்லை.

கிறிஸ்துமஸுக்குப் பத்து நாள் விடுப்பு உண்டு என்று அந்த நகலிலேயே இருக்கிறது. வா. ஒன்றும் வாங்கி வராதே, எதையும் பழுது பார்க்காதே. என் எதிரே உட்கார்ந்து, போகட்டுமா என்று கேள். என்ன சொல்வேன் என்று எனக்கே இன்னும் தெரியாது. ஆனாலும் கேள்.

காற்று பலமாக இருக்கும்போது மேல்தளத்துக்குப் போகாதே. உனக்கு ஒன்றும் ஆகக்கூடாது.

கேட்டி