பக்கத்து வீட்டு அண்ணன்

அன்புள்ள சூசையண்ணா,

எப்படி இருக்கிறாய் என்று கேட்கிற யோக்கியதை எனக்கில்லை. ஆனாலும் அதைக் கேட்காமல் கடிதம் எழுத எனக்குத் தெரியவில்லை. நன்றாக இருக்கிறாய்தானே?

நாளை மறுநாள் காலை விழுப்புரத்தில் எனக்கு ஒரு இன்டர்வியூ. மனநல சமூகப் பணியாளர் வேலை. டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்த பிறகு அது ஒழுங்காக உள்ளே போகிறதா, வீட்டில் சோறு போடுகிறார்களா, இல்லை அறையில் பூட்டி வைத்திருக்கிறார்களா என்று ஊர் ஊராகப் போய்ப் பார்த்துப் பேசுகிற வேலை. சிரிக்கிறாயா? சிரி. உன் இடத்தில் நான் இருந்தால் கல்லெடுத்து அடித்திருப்பேன்.

இதை உனக்கு மட்டும் எழுதி மடித்து பைபிளுக்குள் வைத்துவிடலாம். அப்படித்தான் முதலில் நினைத்தேன். உன்னை ஒளித்து வைத்ததே போதும், கடிதத்தையும் ஒளித்து வைக்க வேண்டாம். நாலு பேர் படிக்கட்டும், காறித் துப்புகிறவர்கள் துப்பட்டும்.

இன்டர்வியூவுக்கு ஒரு மாதமாகத் தயாராகிறேன். வீட்டில் தினமும் ஒரு கூத்து நடக்கிறது. என் வீட்டுக்காரர், அதான் உன் மச்சான், டூட்டி முடிந்து வந்ததும் லுங்கிக்கு மேல் கண்டக்டர் சட்டையைப் போட்டுக்கொண்டு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காருவார். அவர்தான் தேர்வுக் குழுத் தலைவராம். நான் கதவருகே நின்று, "உள்ளே வரலாமா சார்?" என்று கேட்க வேண்டும். "வாங்க மேடம், சில்லறையா வச்சிருக்கீங்களா?" என்பார். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கும். நானும் சிரிப்பேன்.

சிரிக்க முடியாத ஒன்று அந்த விண்ணப்பத்தில் இருந்தது. ‘இந்தத் துறையைத் தேர்ந்தெடுக்கக் காரணம் என்ன?’ என்று கேட்டு ஐந்து வரி இடம் விட்டிருந்தார்கள். நான் எழுதினேன்: ‘எங்கள் பக்கத்து வீட்டில் ஒரு அண்ணன் இருந்தார். மனநோயால் அவர் பட்ட துன்பத்தைச் சிறு வயதிலேயே பார்த்தேன்.’ எழுதி, கையெழுத்துப் போட்டு, தபாலிலும் சேர்த்துவிட்டேன். அந்தக் காகிதத்தைப் பார்த்துத்தான் இப்போது கூப்பிட்டிருக்கிறார்கள்.

நம் வீட்டுக்குப் பக்கத்து வீடு ஏதண்ணா? ஒரு பக்கம் வேர்க்கடலை விளைகிற மல்லாட்டைக் கொல்லை. இன்னொரு பக்கம் கோயில் மதில்.

தொண்ணூற்று மூன்றில் திண்டிவனத்து ஐ.டி.ஐ.யிலிருந்து பாதிப் படிப்பில் நீ திரும்பி வந்தாய். ரேடியோவில் உன்னைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று சொன்னாய். எனக்கு அப்போது பதின்மூன்று வயது. நானும் ரேடியோவில் காதை வைத்துக் கேட்டேன். நிஜமாகவே உன் பெயரைச் சொல்வார்கள் என்று நம்பினேன்.

இரண்டு வருஷம் உபவாச செபம், மந்திரிப்பு, கயிறு. அம்மா உன்னை மேல்மலையனூர் அம்மன் கோயில் அமாவாசைக்குக்கூடக் கூட்டிப் போனாள். வேதக்காரர்கள் என்று யாரும் கண்டுபிடித்துவிடக் கூடாதென்று கழுத்துச் செபமாலையைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டாள். கடைசியில் பாண்டிச்சேரி பெரிய ஆஸ்பத்திரி மாத்திரைதான் உன்னைத் திருப்பிக் கொடுத்தது. நீ கொல்லைக்குப் போனாய், களை எடுத்தாய், பூசைக்கு வந்தாய். கை மட்டும் நடுங்கும். டம்ளரை வாய்க்குக் கொண்டுபோவதற்குள் பாதி சிந்திவிடும். வீட்டில் இங்கிலீஷ் படிக்கத் தெரிந்தவள் நான்தான் என்பதால், மாத்திரை கொடுக்கிற பொறுப்பு என்னிடம் இருந்தது. ஒரு வேளைகூட நான் தவறவிட்டதில்லை, என்னைப் பெண் பார்க்க வருவதாகச் சேதி வருகிறவரைக்கும்.

திண்டிவனத்து மாப்பிள்ளை, கண்டக்டர் வேலை, நல்ல குடும்பம். வீடே பரபரத்தது. நீதான் எல்லாரையும்விட அதிகமாகக் குதித்தாய்.

"ரீட்டா, வர்றவங்களுக்குக் கேசரி நான்தான் குடுப்பேன். அண்ணன்காரன் நான் இருக்கச் சொல்ல வேற ஆளு எதுக்கு?"

அம்மா என்னை அடுப்பங்கரைக்கு இழுத்துக்கொண்டு போனாள். "தட்டு ஆடுச்சின்னா இன்னா ஏதுன்னு கேப்பாங்கடி. இன்னா சொல்றது?"

"கை நடுக்கம் மாத்திரையாலதான்மா வருது. மூணு வாரம் நிறுத்திப் பாக்கலாம்" என்றேன். பி.எஸ்சி. விலங்கியல் முடித்த பெரிய டாக்டரம்மா அல்லவா நான்!

நீ தயங்கினாய். "டாக்டரு திட்டுவாரே ரீட்டா."

"கொஞ்ச நாளைக்குத்தான்ணா. அப்புறம் போட்டுக்கலாம்."

"நீ சொன்னா சரி."

அந்த ‘சரி’ இருக்கிறதே, அதை என்னால் விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

நடுக்கம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. பெண் பார்க்க வருவதற்கு முந்தின நாள் டம்ளர் நிறையத் தண்ணீர் மொண்டுகொண்டு, கொல்லை முனையிலிருந்து வாசல் வரைக்கும் நடந்து வந்து என்னிடம் நீட்டினாய். "பாரு ரீட்டா, ஒரு சொட்டு சிந்தல." அவ்வளவு சந்தோஷமாக உன்னை நான் பார்த்ததே இல்லை. மறுநாள் கேசரித் தட்டும் ஆடவில்லை. சம்பந்தம் முடிந்தது.

அன்றைக்கே மாத்திரையைத் திரும்பக் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. நிச்சயதார்த்தம் முடியட்டும் என்றாள் அம்மா. கல்யாணமே முடிந்துவிடட்டுமே என்றேன் நான். நீ இராத்தூக்கம் இல்லாமல் மதிலோரம் நடந்துகொண்டிருந்ததை நான் பார்த்தேன். தெரிந்தேதான் பேசாமல் இருந்தேன்.

நம் கோயில் வழக்கப்படி கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு ஓலை வாசித்தார்கள். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம், தடை ஏதும் இருந்தால் தெரியப்படுத்துங்கள் என்று சாமியார் பூசையில் அறிவிப்பார். யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். மூன்றாவது ஞாயிறு, ஆண்கள் பக்கத்திலிருந்து நீ எழுந்து நின்றாய்.

"தடை இருக்குது சாமி. நான்தான் தடை."

கோயிலில் ஒருத்தரும் சிரிக்கவில்லை. நீ சத்தம்கூடப் போடவில்லை, கேட்டதற்குப் பதில் சொல்கிறவன் மாதிரி மரியாதையாகச் சொன்னாய். அந்த வார்த்தை உனக்கு எங்கிருந்து கிடைத்தது என்று எனக்குத் தெரியும். "அண்ணனாலதான் எல்லாம் தடையாயிடும் போலக்குது" என்று முந்தின நாள் அம்மாவிடம் சொன்னது நான். நீ கதவுக்குப் பின்னால் இருந்திருக்கிறாய்.

அந்த வாரமே அப்பா உன்னை விழுப்புரத்துக்கு அந்தப் பக்கம் அத்தை வீட்டில் கொண்டுபோய் விட்டார். பையில் உன் சட்டைகளை மடித்து வைத்தது நான்தான். மாத்திரை டப்பா அலமாரியில் இருந்தது. அத்தை ஊரிலும் விஷயம் தெரிந்துவிடுமே என்று அதை அங்கேயே விட்டேன். மறந்துபோய் விடவில்லை அண்ணா. பார்த்துவிட்டுத்தான் விட்டேன்.

கல்யாணப் பந்தியில் மாமியார் கேட்டார், "மாப்பிள்ளைக்கு மச்சான்காரரு எங்கம்மா காணோம்?" பம்பாயில் வேலை கிடைத்துப் போய்விட்டார் என்றேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். நம் ஊர் சனம் மொத்தமும் இலையைப் பார்த்துச் சாப்பிட்டது, ஒருத்தரும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

இரண்டு வருஷம் கழித்து, அடைமழையில், அத்தை வீட்டிலிருந்து நீ நடந்தே வந்திருக்கிறாய். கூட்டேரிப்பட்டு டீக்கடைக்காரர் உன்னை அடையாளம் கண்டு, காய்ச்சலாக இருக்கிறதே, ஊருக்கு ஆள் சேர்த்து அனுப்பட்டுமா என்று கேட்டாராம். மயிலம் ரோட்டில் திரும்பினால் நம் ஊர். நீ வேண்டாம் என்றாயாம். "ஊருக்கு இல்லைங்க. திண்டிவனம் போறேன், தங்கச்சி ஊட்டுக்கு." அதைச் சொல்லி அங்கேயே சுருண்டு விழுந்துவிட்டாய். அவர்தான் திண்டிவனம் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு அப்பாவுக்குச் சொல்லி அனுப்பினார். அப்பா எனக்குச் சொன்னார்.

நான் மட்டும் வந்தேன். உன் தலைமாட்டில் நின்றபோது, எங்கள் தெருவில் குடியிருக்கிற நர்ஸ் வந்து, "யாருக்கா இவரு, உனக்கு வேண்டியவரா?" என்று கேட்டாள்.

"எங்க அம்மா ஊட்டுக்குப் பக்கத்து ஊட்டு அண்ணன்" என்றேன்.

நீ கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாய். அப்புறம் அவளைப் பார்த்தாய். "ஆமாம்மா, பக்கத்து ஊடுதான்" என்றாய்.

உன்னைப் பைத்தியம் என்று சொன்ன ஊரைக் கேட்கிறேன்: அந்த நிமிஷம் அந்த வார்டில் யாருக்குப் புத்தி தெளிவாக இருந்தது?

மறுநாள் நீ போய்விட்டாய். பம்பாயிலிருந்து காய்ச்சலோடு வந்தார் என்று புகுந்த வீட்டுக்குச் சொன்னோம். உன் மச்சான் வந்து உன் குழிக்கு மண் போட்டார், பம்பாய் மச்சானுக்கு.

பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும் தபால் வழியில் சமூகப் பணி படித்தேன். பரிகாரம் என்று சொல்லிக்கொள்ள மாட்டேன், அவ்வளவு மலிவாகத் தீர்கிற கணக்கா இது? ஒரு வாரக் கடைசி வகுப்பில் பேராசிரியர் போகிறபோக்கில் சொன்னார்: இந்த மாத்திரைகளால் கை நடுங்கினால் அதற்கென்று தனியாக ஒரு சின்ன மாத்திரை உண்டு, டாக்டரிடம் சொன்னால் எழுதிக் கொடுப்பார். எல்லோரும் குறிப்பெடுத்தார்கள். நான் வெளியே போய்க் குழாயடியில் நின்று அழுதேன். கேட்டிருந்தால் போதுமாம் அண்ணா. ஒரு தடவை பாண்டிச்சேரிக்கு பஸ் ஏறி, வாயைத் திறந்து கேட்டிருந்தால் போதுமாம்.

போன ஞாயிறு, உன் மச்சான் வழக்கம்போல நாற்காலியில் உட்கார்ந்து கேள்வித்தாளைப் பிரித்தார். "மேடம், பேஷன்ட்டு ஊட்டுக்காரங்களே மாத்திரைய நிறுத்திட்டாங்க. இன்னா பண்ணுவீங்க?"

நான் மடமடவென்று ஒப்பித்தேன். முதலில் அவர்களைக் குற்றம் சொல்ல மாட்டேன். எதற்குப் பயந்து நிறுத்தினார்கள் என்று கேட்பேன். பொறுமையாக எடுத்துச் சொல்லி, டாக்டரிடம் அழைத்துப் போவேன். "சூப்பர்!" என்று கை தட்டினார். சாத்தான் வேதம் ஓதுகிறது என்பார்களே, அதற்குக் கை தட்டல் வேறு. அதற்குமேல் தாங்கவில்லை. பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டு, கேசரித் தட்டிலிருந்து ஆஸ்பத்திரிக் கட்டில் வரைக்கும் எல்லாவற்றையும் கொட்டினேன்.

கத்துவார் என்று நினைத்தேன்.

"அன்னிக்கி பொண்ணு பாத்துட்டு வண்டியில வரச் சொல்ல எங்கம்மா உங்கண்ணனப் பத்தித்தான் பேசிக்கினு வந்துச்சு, பதவிசான புள்ளைன்னு" என்றார். அப்புறம் குரல் உடைந்துவிட்டது. "திண்டிவனம் வில்லுபுரம் என் ரூட்டுடி. அவரு நடந்து வரச் சொல்ல நான் அதே ரோட்ல டிக்கெட் கிழிச்சிக்கினு போய்க்கினு இருந்திருப்பேன். ஒரு வார்த்த சொல்லியிருந்தா நானே ஏத்திக்கினு வந்திருப்பேனே. நம்ம ஊட்ல ஒரு பாய் போட எடமில்லியா?"

யாருக்குப் பயந்து உன்னை ஒளித்தேனோ அந்த மனுஷன் இதைச் சொல்கிறார். நான் எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு நிற்பேன், சொல்லு.

இரண்டு நாள் அவர் என்னோடு பேசவில்லை. இன்றைக்குக் காலையில் டூட்டிக்குக் கிளம்புகிறவர் நின்று, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சிரிப்பில்லை. "மேடம், பேப்பர்ல பக்கத்து ஊட்டு அண்ணன்னு எழுதியிருக்கீங்க. யாரு அவரு?"

முதல் தடவை ‘பக்கத்து’ என்றுதான் வாயில் வந்தது. இரண்டாம் தடவை அழுகை வந்தது. மூன்றாம் தடவை சொன்னேன். "பொய் எழுதிக் குடுத்தவன்னு வெளிய அனுப்பினாலும் அனுப்பிடுவாங்க, பாத்துக்க" என்றார். அனுப்பட்டும் என்றேன். அவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

இந்த வேலை எனக்கு வேண்டும் அண்ணா. உன்னை மாதிரி ஒருவன் எந்த வீட்டு உள்ளறையிலோ இன்றைக்கும் இருப்பான், ஒரு தங்கச்சி மாத்திரை டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்துக்கொண்டிருப்பாள். அவளிடம் பேச என்னைவிடத் தகுதியான ஆள் கிடையாது, என்னைவிடத் தகுதியில்லாதவளும் கிடையாது. இதை எப்படி மூன்று அதிகாரிகளிடம் புரியவைப்பது? தெரியவில்லை.

ஆனால் ஒன்று. நாளை மறுநாள் அவருடைய பஸ்ஸிலேயே போகிறேன். கூட்டேரிப்பட்டு வரும்போது கண்ணை மூடிக்கொள்ள மாட்டேன். உள்ளே போய் உட்கார்ந்ததும், அவர்கள் கேட்பதற்கு முன்னாலேயே சொல்லிவிடுவேன்: விண்ணப்பத்தில் ஒரு பொய் இருக்கிறது, அவர் பெயர் சூசை, என் கூடப்பிறந்தவர், மாத்திரையை நிறுத்தச் சொன்னவள் நான். வேலை கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும், இனிமேல் யார் கேட்டாலும் இதுதான் பதில். நீயும் இனிமேல் எனக்காகப் பொய் சொல்ல வேண்டாம் அண்ணா.

இப்படிக்கு,
உன்னோடு ஒரே வீட்டில், ஒரே வயிற்றில் பிறந்த உன் தங்கச்சி
ரீட்டா