அக்கா ஃபோனில் திறக்காத பக்கம்

மார்ச் 4, திங்கள்

டயாலிசிஸ் பிரிவின் வார நேரத்தை ஆஸ்பத்திரி வெப்சைட்டில் போடும் வேலையையும் இன்று என் தலையில் கட்டிவிட்டார்கள். இதுவரை வெளியிலிருந்து ஒருத்தர் வந்து செய்துகொண்டிருந்தார். அவரை நிறுத்தியாச்சு. "நீங்கதான் வேர்டுல நல்லா டைப் பண்றீங்களே, அப்படியே சர்வர்ல ஏத்திடுங்க" என்கிறார் மேனேஜர். தையல் ஊசி பிடிக்கத் தெரியும் என்று ஆபரேஷனுக்குக் கூப்பிடாமல் விட்டாரே, அதுவரைக்கும் சந்தோஷம்.

ஒரு மெஷின் பழுது. அதனால் நோயாளிகளின் முறை வாராவாரம் மாறுகிறது. ஃபோனில் கேட்டால் இனி யாரும் நேரம் சொல்லக்கூடாதாம், நர்ஸுகளுக்கு நேரமில்லையாம். எல்லாரும் வெப்சைட்டில் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். எங்கள் அத்தானும் இங்கேதான் வருகிறார். அக்கா அவரைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு இரண்டு பஸ் மாறிக் கூட்டிவருகிறாள்.

மார்ச் 9, சனி

வேர்டில் அடித்து, வெப் பக்கமாகச் சேமித்து, முதல் பக்கத்தில் அதற்கு லிங்க் கொடுத்து, இரண்டையும் சர்வருக்கு அனுப்பினேன். எழுதும்போது ஒரு வரி. செய்யும்போது அரை நாள். கட்டம் ஒரு பக்கம் ஓடுகிறது, எழுத்து ஒரு பக்கம் ஓடுகிறது. கடைசியில் லிங்க்கைத் தட்டினேன், பளிச்சென்று திறந்தது. ஒரு பாராட்டு உண்டா? "ஹெடிங் இன்னும் பெருசா இருக்கலாம்" என்றார் மேனேஜர்.

சாயங்காலம் அக்கா ஃபோன். "திறக்கவே மாட்டேங்குதுடி." இங்கே திறக்கிறதே என்றேன். "என் ஃபோன்ல வெள்ளையா நிக்குது." முதல் தடவைதானே என்று நேரத்தைச் சொல்லித் தொலைத்தேன். புதன் காலை.

மார்ச் 16, சனி

தலைவலி. மறுபடியும் அக்கா. மறுபடியும் வெள்ளை.

நான் கொஞ்சம் அதிகமாகவே பேசிவிட்டேன். "ஊருக்கெல்லாம் ஒரு சட்டம், உனக்கு ஒண்ணாக்கா? நீயே பார்க்கக் கத்துக்கோ. எத்தனை நாளைக்கு நான் வாசிச்சுக் காட்டறது?" அவள் பதிலுக்குக் கத்துவாள் என்று பார்த்தேன். "சரி, விடு" என்று வைத்துவிட்டாள்.

திரும்பக் கூப்பிட்டு நேரத்தைச் சொல்லியிருக்கலாம். கையே எழவில்லை.

மார்ச் 18, திங்கள்

இன்னும் நாலைந்து பேர் திறக்கவில்லை என்று நேரில் வந்து கேட்டார்களாம், நர்ஸம்மா சொன்னாள். மேனேஜருக்குச் சிரிப்பு. "அவங்களுக்குப் பார்க்கத் தெரியாது, விடுங்க." நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன்.

மார்ச் 20, புதன்

அத்தான் ஐசியூவில்.

இந்த வாரம் அவர் முறை நேற்று மாலை. அக்கா போன வாரம் மாதிரியே இன்று காலை கூட்டிவந்திருக்கிறாள். எல்லா மெஷினிலும் ஆள். "நாளைக்கு வாங்க" என்று சொல்லிவிட்டார்கள். திரும்பிப் போக எழுந்தவர் கூடத்திலேயே மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டார். உடம்பில் தண்ணீர் ஏறி நுரையீரல் வரை போய்விட்டதாம்.

ஐசியூ வாசலில் அக்கா. என்னைப் பார்த்துவிட்டு, கையிலிருந்த அவர் சட்டையை மடிக்க ஆரம்பித்தாள். மடித்ததையே திரும்பத் திரும்ப மடித்தாள். பக்கத்தில் வந்த மேனேஜர், "நாங்க சனிக்கிழமையே போட்டாச்சும்மா, நீங்க பார்க்கலைன்னா நாங்க என்ன பண்றது?" என்றார். நான் பக்கத்தில்தான் நின்றேன். தலையை வேறு ஆட்டினேன்.

மார்ச் 21, வியாழன்

என் கம்ப்யூட்டர் காலையில் மக்கர் பண்ணியது. கேஷ் கவுண்டரில் இருந்ததில் உட்கார்ந்து வெப்சைட்டைத் திறந்து, லிங்க்கைத் தட்டினேன்.

வெள்ளை.

மறுபடி தட்டினேன். வெள்ளைதான்.

லிங்க் கொடுக்கும்போது என் கம்ப்யூட்டரில் இருக்கும் ஃபைலைக் காட்டிக் கொடுத்திருக்கிறேன். யார், எங்கே தட்டினாலும் அது என் மேஜையில் இருக்கும் கம்ப்யூட்டருக்குள் போய்த் தேடச் சொல்கிறது. என்னிடம் மட்டும் திறக்கும். என்னிடம் மட்டும்தான்! நான் தட்டித் தட்டிப் பார்த்துச் சந்தோஷப்பட்டதெல்லாம் என் வீட்டுக் கதவை நானே தட்டி நானே திறந்துகொண்ட மாதிரி.

அஞ்சு நிமிஷத்தில் சரிசெய்தேன். அஞ்சே நிமிஷம்.

மேனேஜரிடம் சொன்னேன். "சரி பண்ணியாச்சுல்ல? அப்புறம் எதுக்கு வெளியே சொல்லிக்கிட்டு?" என்கிறார். யார் கேட்கப்போகிறார்கள் என்பது வாஸ்தவம்தான். அக்காகூடக் கேட்கமாட்டாள்.

மார்ச் 22, வெள்ளி

அக்காவிடம் சொல்லிவிட்டேன். ஐசியூ வாசல் பெஞ்சில். லிங்க், கம்ப்யூட்டர் என்று எதையோ உளறி, கடைசியில், "உன் ஃபோன்ல ஒண்ணும் இல்லக்கா. தப்பு என்னோடது" என்றேன்.

அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். "நான்தான் மக்கு, என்னாலதான் இவருக்கு இப்படி ஆச்சுன்னு இங்க உட்கார்ந்து அழுதுட்டிருக்கேன்" என்றாள். "நீ படிச்சவ, நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்னு நினைச்சேன்."

அப்புறம், "போ. போய் வேலையைப் பாரு" என்றாள்.

சீட்டுக்கு வந்து முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் போட்டேன்: இரண்டு வாரமாக இந்த லிங்க் திறக்கவில்லை, தவறு எங்களுடையது, சந்தேகம் இருந்தால் ஃபோனில் கேளுங்கள். கீழே என் மேஜை ஃபோன் நம்பர். மேனேஜர் வந்து குதித்தார். குதிக்கட்டும். எடுக்கச் சொல்லி அவரே எழுதிக் கொடுத்தால் எடுக்கிறேன் என்றேன். எழுதிக் கொடுக்கவில்லை.

மார்ச் 26, செவ்வாய்

அத்தானை வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். கஞ்சி கொண்டுபோனேன். அக்கா வாங்கி வைத்துவிட்டு, அவர் தலையணையைச் சரிசெய்யப் போய்விட்டாள்.

மார்ச் 30, சனி

பக்கத்தைப் போட்டுவிட்டு, ரோட்டுக்குப் போய் என் ஃபோனில் திறந்து பார்த்தேன். நர்ஸம்மா ஃபோனிலும். டீக்கடைக்காரர் ஃபோனிலும். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

அத்தானை வீட்டுக்கு அனுப்பியாச்சு. தகவலை அவரேதான் ஃபோனில் சொன்னார். அக்கா பக்கத்தில் இருக்கிறாளா என்று கேட்டேன். "இருக்கா… குளிக்கிறா" என்றார் பாவம், பொய் சொல்லத் தெரியாதவர்.

ஏப்ரல் 6, சனி

பக்கத்தைப் போட்டுக் கொஞ்ச நேரம்கூட ஆகவில்லை, அக்கா நம்பர். முதல் மணியிலேயே எடுத்தேன்.

"ஏண்டி, புதன்கிழமையை ரெண்டு தடவை போட்டிருக்கே, வியாழக்கிழமையைக் காணோம். கண்ணை எங்கே வெச்சுக்கிட்டு அடிக்கிறே?"

ஹலோ இல்லை, எப்படி இருக்கே இல்லை. நல்ல ஏச்சு, மூச்சு விடாமல். திருத்தி அனுப்பினேன். "இப்போ பாருக்கா" என்றேன்.

"இரு. கண்ணாடியைப் போட்டுக்கறேன். வெச்சுடாதே."

வைக்கவில்லை.