கைவசம் ஒன்றே ஒன்று

என் வீட்டுக்காரிக்கு,

உன் வீட்டுக்காரன் தன் கையாலேயே எழுதுவது. எழுத்துச் சொல்லித்தரும் மாலை வகுப்பில் சேர்ந்து ஐந்தே மாதம். இந்தத் தாளுக்கு மூன்று நாள் ஆயிற்று. எழுதிய வரியை எடுத்து எடுத்துப் பார்த்துச் சிரித்துக்கொள்கிறேன்.

பிள்ளை பெற்ற மகளுக்கு இடுப்பு வலி குறைந்ததா? பேரன் நன்றாகப் பால் குடிக்கிறானா? இங்கே ஒரு குறையும் இல்லை, சோறுதான் தினமும் குழைந்துவிடுகிறது. மருந்துப் புட்டி, சோப்பு உறை, பஸ் பலகை, எதையும் படிக்காமல் விடுவதில்லை.

அப்படித்தான் நம் பழைய காசுகளை உன் தம்பி விற்கும் இணையக் கடையையும் நீ விட்டுப்போன போனில் படித்தேன். என் பழைய இரும்புக் கடைக்கு எடைக்கு வந்த ஓட்டைக் காசின் படத்துக்குக் கீழே, 'மிக அரிது. துலக்காதது. கைவசம் ஒன்றே ஒன்று. விலை நாலாயிரம்' என்று இருக்கிறது. துலக்காததா? சாம்பலும் எலுமிச்சையும் போட்டு நகம் கறுக்கத் தேய்த்தவன் நான். பரணிலிருந்து அந்தக் காசு போட்டு வைத்த பிஸ்கட் டப்பாவை இறக்கி எண்ணினேன். இன்னும் நூற்று நாற்பத்திரண்டு இருக்கிறது.

உன் தம்பியைக் கேட்டேன். "துலக்குனதுன்னு சொன்னா சேகரிக்கிறவங்க தொடமாட்டாங்க அத்தான். டப்பாவக் காட்டினா ஒண்ணுக்கு நானூறுகூடத் தேறாது. நாலு எழுத்து வந்ததும் எங்கிட்டயே துப்பறிய ஆரம்பிச்சிட்டீங்களா?" என்றான்.

விலையைக் கூட்டிச் சொல்வது வியாபாரம், நானும் செய்தவன்தான். டப்பா நிறைய வைத்துக்கொண்டு ஒன்றுதான் என்பது எனக்குப் பிடிக்கவில்லை. வாங்கிய ஒரு பெண், அது தன் அப்பா பிறந்த வருடத்துக் காசு என்றும், வேறு யாராவது கொண்டுபோய்விடுவார்களோ என்று சம்பளம் வந்த அன்றே வாங்கியதாகவும் அந்தப் படத்துக்குக் கீழேயே எழுதியிருக்கிறாள். கடை என் பெயரில் இருப்பதால் எனக்கு நன்றியும் சொல்லியிருக்கிறாள். அவளுக்கு உள்ளதை எழுதிவிட்டேன். காசைத் திருப்பி அனுப்பினால் முழுப் பணமும் தருவதாகச் சொல்லியிருக்கிறேன். அன்றிலிருந்து உன் தம்பி இந்தப் பக்கமே வருவதில்லை.

அவன் கிடக்கட்டும். மகள் போனில் கூப்பிட்டுக் கேட்டால் நீ பேச்சை மாற்றிவிடுவாய் என்றுதான் எழுதுகிறேன். அவன் போட்டதையெல்லாம் நீதான் எனக்குப் படித்துக் காட்டினாய். 'துலக்கிய பழைய காசு, நிறைய இருக்கிறது, நானூறு' என்றுதான் என் காதில் விழுந்தது. ஒரு காசு போனால் நானூறு என் கைக்கு வந்தது. நீ கிளம்பிய பிறகு அவன் எழுத்தை மாற்றியிருக்கலாம் என்று ஒரு நாள் முழுக்க நினைத்துப் பார்த்தேன். ஆனால் அங்கே போட்டிருக்கிற தேதி போன வருடத்துத் தேதி.

மகளின் ஆஸ்பத்திரிச் செலவுக்குப் பணம் ஏது என்று கேட்டபோது, நீ சிறுகச் சேர்த்த சிறுவாட்டுப் பணம் என்றாய். அவ்வளவு சிறுவாடு இருந்ததா?

இருந்தது என்று நீ எழுதினால் நம்பிக்கொள்வேன். இல்லையென்றாலும் எழுது. கோபப்பட மாட்டேன் என்று சொல்ல வரவில்லை. குழந்தையை என் சார்பில் ஒரு முறை தூக்கிக்கொள். உன் கடிதத்தை யாரிடமும் கொடுத்துப் படிக்கச் சொல்ல மாட்டேன். எத்தனை நாளானாலும் நானே படிப்பேன்.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்