உன் தம்பி விலை பேசிய மெஷின் லைன்

அன்பு மகளுக்கு,

நீயும் மாப்பிள்ளையும் பேரனும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். இங்கேயும் உடம்பளவில் எல்லோரும் நன்றாகத்தான் இருக்கிறோம். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மாடி ஏறிவிடுகிறாள். போனில் சொல்லிவிடலாம் என்றால் நம் வீட்டில் பேசுவது அடுத்த அறைக்குக் கேட்கும், அந்த அறையில் இப்போது பகல் முழுக்க உன் தம்பி இருக்கிறான். மாத முடிவுக்குள் அவன் உன்னைக் கூப்பிட்டுப் பணம் கேட்பான். அதற்கு முன்னால் இது உன் கைக்கு வர வேண்டும் என்று கூரியரில் போடுகிறேன்.

பம்ப் கம்பெனியை மூடும்போது அவனுக்குக் கொடுத்த செட்டில்மெண்ட் பணத்தை அவன் தொடாமல் வைத்திருந்தது உனக்குத் தெரியும். வேலை கேட்டுப் போன இடத்திலெல்லாம் வயதைப் பார்த்துவிட்டு, சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள், ஒருவரும் சொல்லி அனுப்பவில்லை. அப்போதுதான் மெஷின்காரர் வந்தார். காசு போட்டாலோ போனைக் காட்டினாலோ பிஸ்கட்டும் தண்ணீர் பாட்டிலும் தள்ளிவிடுமே, அந்த வெண்டிங் மெஷின்களை நான்கைந்து இடங்களில் நிறுத்திவைத்து, வேனில் சுற்றிச் சரக்கு நிரப்புகிறவர். இந்தச் சுற்றைத்தான் லைன் என்று சொல்கிறார்கள். மெஷின், வேன், நிறுத்திய இடங்கள் எல்லாவற்றையும் சேர்த்து விற்கிறார். மகனோடு போய் இருக்கப் போகிறாராம். உன் தம்பிக்கு முகமே மாறிவிட்டது. நாளைக்கு எங்கே போவது என்று தெரியாமல் கிடந்தவன் விடிந்ததும் குளித்துவிட்டு நிற்கிறான். அதற்காகவே வாங்கட்டும் என்றாள் அம்மா. நான், முதலில் ஒரு நாள் கூடவே போய்ப் பார்ப்போம் என்றேன்.

மெஷின்காரர் கெட்டவர் இல்லை, அதையும் எழுதிவிடுகிறேன். தேதி முடியப் போகிற பிஸ்கட்டை முன்னால் வைத்துப் புதியதைப் பின்னால் தள்ளுவதும், பழைய பனியனால் கண்ணாடியைத் துடைப்பதும் ஒரு ஒழுங்கோடு நடந்தன. ஆனால் கல்லூரி விடுதியில் பையன்கள் மெஷினை ஆட்டி ஆட்டிச் சுருள்கம்பியை வளைத்து வைத்திருக்கிறார்கள், பாதி அடுக்கு ஓடவில்லை. ஸ்கேன் சென்டர் வேறு கட்டடத்துக்குப் போகப் போகிறது, அங்கே மெஷினுக்கு இடம் உண்டா என்று கேட்டால் யாரிடமும் பதில் இல்லை. பஸ் டிப்போவில் டிரைவர்கள் அதன் மேல் சட்டையைக் காயப்போட்டிருந்தார்கள். ஒருவர், ‘என்னண்ணே, பொட்டியை விக்கிறீங்களாமே, எங்க துணியை எங்க போடுறது’ என்று கேட்டார். மெஷின்காரரும் சிரித்துவிட்டு, ‘புது ஓனர்கிட்ட கேளுங்க’ என்று உன் தம்பியைக் கைகாட்டினார். அவன் வெட்கப்பட்டுச் சிரித்தான். அவன் சிரித்துப் பார்த்து எத்தனை நாளாயிற்று.

கடைசியாகப் போனது தையல் கம்பெனி, நம் மருமகள் வேலை பார்க்கும் அதே இடம். மெஷின்காரருக்கு அது தெரியாது, நாங்களும் சொல்லிக்கொள்ளவில்லை. தையல் கூடத்திலிருந்து கழிப்பறைக்குப் போகும் வழியில் மெஷின் நிற்கிறது. மற்ற இடத்தில் ஒரு அடுக்குக்கு மேல் தண்ணீர் வைக்காதவர் இங்கே ஏறக்குறைய எல்லா அடுக்கிலும் தண்ணீர் பாட்டிலாக நிரப்பினார். வேனில் இருந்த பெட்டிகளில் பெரும்பாலானவை இங்கேயே இறங்கின. பக்கத்திலேயே கம்பெனியின் குடிதண்ணீர் ஃபில்டர் இருந்தது. குழாயைத் துணிக் கீற்றால் கட்டி, பழுது என்று எழுதிய அட்டையைத் தொங்கவிட்டிருந்தார்கள். அட்டை மஞ்சளாகிவிட்டது. துணியில் தண்ணீர் பட்டுவிடும் என்று வீட்டுப் பாட்டிலைக் கம்பெனி கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள் என்று மருமகள் முன்பே சொல்லியிருக்கிறாள். இது எப்போது சரியாகும், சரியானால் உங்கள் வியாபாரம் என்ன ஆகும் என்று கேட்டேன். அவர் பாட்டில் அடுக்குவதை நிறுத்தாமலேயே, ‘அது சரியே ஆகாது சார். மெயின்டனன்ஸ் சூப்பர்வைசருக்கு மாசாமாசம் கவர் போயிடும். அதையும் சேர்த்துத்தான் விலை சொல்லியிருக்கேன்’ என்றார். அந்தக் கவர் இல்லாமல் லைன் என்ன விலைக்குப் போகும் என்றேன். ‘இரும்புக் கடையில கேளுங்க’ என்றார். கேலி இல்லை, இருப்பதைச் சொன்னார்.

திரும்பும்போது உன் தம்பி காலி அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து, ‘எல்லாத் தொழில்லயும் இப்படி ஒண்ணு இருக்கும்பா’ என்றான். வீட்டில் சாப்பிடும்போது அவனே மனைவியிடம் சந்தோஷமாகச் சொன்னான். உங்க கம்பெனி மெஷின் இனிமே நம்மதுதான், நீ காசே போட வேண்டாம், தினமும் ஒரு பாட்டில் நானே எடுத்துத் தருவேன் என்று. அவள், ‘மத்தவங்க? அந்த ஃபில்டரை எப்பத்தான் சரி பண்ணுவாங்களாம்’ என்று சாதாரணமாகக் கேட்டாள். அவனுக்கு அவளிடம் பொய் சொல்ல வராது. கவர் விஷயத்தையும் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டான். அவளுக்கும் சிரிப்பாக இருக்கும் என்று நினைத்தானோ என்னவோ. அவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். ‘சம்பளத்துல ஒரு பங்கு அந்தப் பொட்டிக்குள்ள போட்டிருக்கேங்க’ என்று அடுப்படியிலிருந்து சொன்னாள். அவ்வளவுதான் பேச்சு.

மறுநாள் இடைவேளையில் அவளும் அவள் வரிசைப் பெண்களும் ஃபில்டர் முன்னால் போய் நின்றுகொண்டார்கள். கவர் யாரிடமிருந்து யாருக்குப் போகிறது என்று உரக்கக் கேட்டிருக்கிறாள். தண்ணீர் வந்தால்தான் தைப்போம் என்று சொல்லிவிட்டார்கள். மேனேஜர் வந்தார், சூப்பர்வைசரை வரவழைத்தார். ஷிஃப்ட் முடிவதற்குள் ஃபில்டர் ஓடியது. மாற்றியது ஒரு சின்ன வால்வுதானாம். ஆனால் அவளைத் தையலிலிருந்து எடுத்து, நாள் முழுக்க நின்றுகொண்டே செய்யும் பேக்கிங்குக்கு மாற்றிவிட்டார்கள். கால் வீங்கி வருகிறாள். அதே நாள் காலையில் உன் தம்பி, எங்கள் யாரிடமும் சொல்லாமல், செட்டில்மெண்ட் பணத்தில் பாதிக்கு மேல் மெஷின்காரரிடம் அட்வான்ஸாகக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறான்.

திருப்பிக் கேட்க நானும் போனேன். நாற்காலி போட்டு உட்காரச் சொல்லி, ‘லைனை நேர்ல பார்த்துட்டுத்தானே குடுத்தீங்க. உங்க வீட்டு ஆளே கெடுத்தா அதுக்கு நான் என்ன பண்றது’ என்றார். மாதக் கடைசிக்குள் மீதியைக் கொடுத்தால் லைன் நம்முடையது, கொடுக்காவிட்டால் அட்வான்ஸ் போயிற்று. வீட்டில் கணவனும் மனைவியும் பேசிக்கொள்வதில்லை. தட்டை வைக்கும் சத்தத்தில்தான் பேச்சு. அம்மா, பணம் போனால் பையன் ஒடிந்துவிடுவான், எப்படியாவது மீதியைக் கட்டி வாங்கிவிடலாம் என்கிறாள். ஃபில்டர் ஓடும்போது அந்த மெஷின்கள் வேன் டீசலுக்குக்கூடக் கட்டாது என்று நான் அவனிடம் சொன்னேன். அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. ‘கொஞ்ச நாள் போகட்டும்பா. திரும்பவும் கெட்டுப்போகும்’ என்றான். சூப்பர்வைசரைப் பார்த்துப் பேசிவிட்டான் என்று நினைக்கிறேன். மருமகளுக்கு இது தெரியாது.

அவன் கெட்டவனாகிவிட்டான் என்று நினைத்துவிடாதே. கையில் இருந்த ஒன்றும் போய்விட்டது என்ற பயம்தான் அப்படிப் பேச வைக்கிறது. உன்னிடம் கேட்கும்போது கவர், ஃபில்டர் எதையும் சொல்ல மாட்டான். நல்ல லைன் அக்கா, கொஞ்சம்தான் குறையுது என்பான், நீயும் இளகிவிடுவாய். அனுப்பாதே அம்மா. நீ அனுப்பும் பணத்தில்தான் அந்தக் குழாயை மறுபடி கட்டுவார்கள். அட்வான்ஸ் போகட்டும், அது போனதுதான். ஏன் என்று கேட்டால் அப்பா கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார் என்று சொல், வேறு காரணம் சொல்லாதே. இப்போது அவன் கோபமெல்லாம் அவள் மேல் இருக்கிறது. அதில் கொஞ்சமாவது என் பக்கம் திரும்பட்டும், நான் தாங்கிக்கொள்வேன்.

உங்கள் மூவருக்கும் எங்கள் ஆசி என்றும் உண்டு. குளிர் தொடங்கிவிட்டது என்றாய், பேரனைக் காதை மூடிப் பள்ளிக்கு அனுப்பு. மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். இது கிடைத்ததும் என் போனுக்கு ஒரு மிஸ்டு கால் மட்டும் கொடு, பேச வேண்டாம்.

எப்போதும் உன் நினைவாக,
அப்பா