ஈட்டிகளோடு கிடந்தவள்

பெரு, வட கடற்கரை
4 மே 2025

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் சுகம். நீங்கள் நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா? தோண்டும் இடத்தில் சிக்னல் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை நகரத்துக்குப் போகும்போது இந்தத் தாளைப் படமெடுத்து அனுப்புவேன். நீங்களும் கையாலேயே எழுதுங்கள். அப்போதுதான் உங்களோடு கதைத்த மாதிரி இருக்கும்.

ஒரு புதினம். ஆயிரத்தைந்நூறு வருசப் பழைய சமாதியில் பெரிய துணிப்பொதி ஒன்று கிடைத்தது. உள்ளே பொன்முடி, தண்டாயுதம், ஈட்டிகள். அரசன்தான் என்று எல்லோரும் முடிவு கட்டினோம். துணிகளைச் சுத்தம் செய்யும் நானும் காலையில் வந்ததும், 'ராசா எப்பிடி இருக்கிறார்?' என்றுதான் கேட்பேன். நெசவு ஊசிகள் வந்தபோது, பெண்சாதி ஆசையாய் வைத்திருப்பாள் என்றோம். போன கிழமை இடுப்பெலும்பைப் பார்த்தோம். ராசா ஒரு பெண், அப்பா. இத்தனை மாதம் எங்களில் ஒருவருக்கும் அந்தச் சந்தேகம் வரவில்லை.

அம்மாவின் கல்லறைக் கல்லில் என்ன எழுதப்போகிறீர்கள்?

உங்கள் அமலினி

பலெர்மோ, இத்தாலி
12 மே 2025

என் செல்ல மகளுக்கு,

சாப்பிடுகிறேன். உப்புத்தான் கூடிவிடுகிறது.

உன் ராசாத்தியின் கதையை பல்லரோச் சந்தையில் மீன் வெட்டும் விமலராஜுக்குச் சொன்னேன். "ஈட்டியோடையோ? அப்ப எங்கட விமலராணி அக்கா மாதிரித்தான்" என்று உன் அம்மாவை நினைத்துச் சிரித்தான்.

கல்லுக்குச் சொல்லியாகிவிட்டது. 'ஸ்ரான்லியின் அன்பு மனைவி விமலராணி.' மரண அறிவித்தலிலும் அப்படித்தானே போடுகிறோம்? எங்கள் சனத்தின் முறை அது. ஓகஸ்டில் ஆண்டுத் திருப்பலிக்கு முன் கல் வைத்தாக வேண்டும். நீ இதில் தலையிடாதே.

ஒன்று கேட்கவேண்டும். உன் ராசாத்தியோடு வேறு யாரும் கிடந்தார்களா?

அப்பா

பெரு
25 மே 2025

அன்புள்ள அப்பாவுக்கு,

காலடியில் ஓர் ஆண் கிடந்தார். பக்கத்தில் ஒரு பானைகூட இல்லை. காவற்காரன் என்கிறார் எங்கள் பேராசிரியர். கணவன் என்கிறேன் நான். இரண்டுக்கும் ஆதாரம் இல்லை. பாவம், யாரென்று தெரியாமலே அருங்காட்சியகப் பெட்டியில் ஏறப்போகிறார்.

நான் தலையிடத்தான் போகிறேன், கோவிக்காதீர்கள். பலெர்மோவுக்கு முதலில் தனியாக வந்தவர் அம்மா. வீட்டுவேலை செய்த இடங்களில் எத்தனை சிஞ்ஞோராக்களின் வீட்டுச் சாவிகள் அவரிடம் இருந்தன! மன்னாரிலிருந்து வந்த சனத்தில் பாதிப்பேர் அவருடைய ஒரு சொல்லில் வேலைக்குப் போனார்கள். உங்களை அங்கே கூப்பிட்டதும் அவர்தான். அந்தக் கல்லை முன்பின் தெரியாத ஒருத்தி பார்த்தால், 'யார் இந்த ஸ்ரான்லி?' என்றுதான் தேடுவாள். நாங்கள் இங்கே செய்த அதே பிழை.

அந்தக் கல்தான் நிற்கும் என்றால் ஓகஸ்டில் நான் வரமாட்டேன். எழுதும்போதே அழுகை வருகிறது, ஆனாலும் வரமாட்டேன்.

அமலினி

பலெர்மோ
6 யூலை 2025

அன்பு மகளுக்கு,

பதில் சுணங்கியதற்குக் கோபம்தான் காரணம். தாயைப் போலவே பிடிவாதக்காரி என்று உன்னைத் திட்டினேன். திட்டி முடித்த பிறகும் காலடியில் கிடந்த அந்த மனிதன் மனதைவிட்டுப் போகவில்லை.

நான் இங்கே வந்த புதிதில் விசாப் பத்திரத்துக்காக அம்மா என்னைக் குவெஸ்தூரா என்கிற பொலிஸ் கந்தோருக்குக் கூட்டிப் போனார். பொலிஸ்காரர் என் பெயரைக் கேட்கவேயில்லை. பத்திரத்தைப் பார்த்து, விமலராணியின் 'மரீத்தோ' என்று கூப்பிட்டார். கணவனாம். அத்தனை பேருக்கு முன்னால் எனக்கு வெட்கமாய்ப் போய்விட்டது. அம்மாவோ நிமிர்ந்து நின்று, "ஓம், என்ர மனுசன்தான்" என்று தமிழிலேயே சொன்னார். பொலிஸ்காரருக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் முத்திரை குத்தினார்.

அன்றைக்கு அந்தக் குரலைக் கேட்டுச் சந்தோசப்பட எனக்குத் தெரியவில்லை. இப்போது அதை ஒருமுறை கேட்கமாட்டேனா என்று ஏங்குகிறேன்.

வெட்டிய கல்லைத் திருத்த முடியாதாம். புதுக்கல் எடுத்தேன். அம்மாவின் பெயரோடு ஒரு சாவிக்கொத்தும் வெட்டச் சொன்னேன். எனக்கென்று கீழே விட்ட இடத்தில் என் பெயரையும் இப்போதே வெட்டச் சொன்னதும், கல் வெட்டுகிறவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பார்க்கட்டும். நாளைக்கு உன்னைப்போல ஒருத்தி வந்து தோண்டினால், காலடியில் கிடப்பவன் யாரென்று பேராசிரியரோடு சண்டை பிடிக்கத் தேவையில்லை.

கல்லில் உள்ளது இவ்வளவுதான்:

விமலராணி
அவரின் கணவர் ஸ்ரான்லி

வா பிள்ளை.

அப்பா